குரலுக்குப் பின்னால் குருவிகள்

குவாலா தெங்கார்
3 அக்டோபர் 2001

அன்புத் தங்கை மஸ்துராவுக்கு,

ஸலாம். நாங்கள் நலம். உன் மகள் கெமலா எங்களைவிட நலம். நேற்று எனக்கு வைத்திருந்த பொரித்த மீனையும் தின்றுவிட்டு, பூனை தின்றது என்று சாதித்தாள். நம் வீட்டில் பூனையே கிடையாது.

வீட்டுக்கு மேல் குருவிகளுக்காக எழுப்பிய மூன்று மாடியும் முடிந்தது. ஜன்னல் இல்லாத சுவர், உச்சியில் ஒரு துவாரம், உள்ளே கும்மிருட்டு. எல்லாம் எதிர்வீட்டு ஆலியோங் கட்டியதைப் போலவே. குருவிகள்தான் இல்லை. அவர் மாடியில் சாயங்காலம் கறுப்புத் துணியை உதறிப் போட்டதுபோல் இறங்குகின்றன. எங்கள் மாடியில் இரண்டு பல்லிகள் இருக்கின்றன. உன் அத்தான் பஹ்ரி தெருவில் தலைகாட்டினால் போதும், ஆலியோங் தொடங்கிவிடுகிறார்: "என்னப்பா பஹ்ரி, கீழ் மாடி வாடகைக்கு வருமா? எனக்குக் கொஞ்சம் எடம் பத்தல."

அப்பாவின் தோப்பை விற்றுக் கட்டியது இது. உன் பங்கும் இந்தச் சுவருக்குள் இருக்கிறது. இந்தக் குருவி எச்சிலால் கட்டும் கூட்டை விலை கொடுத்து வாங்கிச் சூப் வைத்துக் குடிக்க ஹாங்காங்கில் ஆள் காத்திருக்கிறது. கூடு கட்டத்தான் இங்கே குருவி வரவில்லை.

குருவிகளைக் கூப்பிடப் போடும் சத்தம் சரியில்லையாம். பொந்தியானாக் நகரில் விற்கிற கேசட்டை வாங்கிப் போட்டோம். நாய்தான் குரைத்தது. நீ அங்கே வெளிநாட்டுத் தொடர்களுக்குப் பெய்யாத மழையைப் பெய்யவைக்கிறாய், செத்தவனுக்கு மூச்சு வரவைக்கிறாய். அக்காவுக்கு ஒரு குருவி செய்யமாட்டாயா?

ஆலியோங் வீட்டு இறவாரத்தின் கீழ் நின்று பதிந்த கேசட் இத்துடன் வருகிறது. மறுபக்கத்தில் கெமலா பேசியிருக்கிறாள். மீன் வழக்கில் அவள் தரப்பு வாதம்.

உன் அக்கா,
ரொஹாயா


ஜகார்த்தா
4 நவம்பர் 2001

அன்புள்ள அக்காவுக்கு,

ஸலாம். கெமலாவின் பக்கத்தை முதலில் கேட்டேன். ஸ்டுடியோவில் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, காதில் மாட்டிக்கொண்டு, நான்கு முறை. "நான் இல்ல, பூனை தின்னுருச்சு." இவ்வளவு உறுதியாக நான் என் வாழ்க்கையில் எதையும் சொன்னதில்லை.

உன் பக்கத்தில் நாய், மோட்டார் படகு, அத்தானின் இருமல் எல்லாம் இருந்தன. அவற்றைக் கழிக்க மூன்று வாரம் ஆயிற்று. மிஞ்சிய ஒரு குருவியை நூறு குருவிகளாக அடுக்கியிருக்கிறேன். ஓர் இடத்தில் மட்டும் ஒரு கீச்சு உயர்ந்துபோய்ப் பாதியில் நின்றுவிடும். அது பாடி முடிப்பதற்குள் அத்தான் இருமிவிட்டார், வெட்ட வேண்டியதாயிற்று. சரிசெய்யாமல் அப்படியே விட்டேன். நான் செய்தது என்பதற்கு ஓர் அடையாளமாக இருக்கட்டும்.

நூலகத்தில் படித்துப் பார்த்தேன். இந்தக் குருவி குகையில் வாழ்ந்தது. நீ கட்டியிருப்பது சிமெண்டுக் குகை, ஆனால் காய்ந்த குகை. ஒவ்வொரு மாடியிலும் தொட்டி கட்டித் தண்ணீர் நிரப்பிவை. சுவர் வியர்க்க வேண்டும்.

வீட்டில் இரண்டு கேசட் போடும் ரெக்கார்டர் இருக்கிறதல்லவா? கேசட் தேய்ந்தால் நீயே பிரதி எடுக்கலாம். ஒன்றை ஓடவிட்டு, மற்றதில் பதிவை அழுத்து. வேண்டாத இடம் வரும்போது நிறுத்தக் குமிழை அழுத்திப் பிடி, வேண்டிய இடத்தில் விடு. மூச்சு விடும் இடம் பார்த்து ஒட்டினால் ஒட்டு தெரியாது. இதுதான் என் தொழில் ரகசியம் மொத்தமும்.

கெமலாவுக்காக நான் மூன்று கதை சொல்லிப் பதிந்திருக்கிறேன். படுக்கும்போது போடு. அடுத்த ஜூலையில் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் எனக்கென்று ஓர் அறை பிடித்து அவளை அழைத்துக்கொள்வேன். அவளிடம் சொல்.

அன்புடன்,
மஸ்துரா


குவாலா தெங்கார்
23 டிசம்பர் 2001

அன்புத் தங்கைக்கு,

பெருநாள் ஸலாம். உனக்கு ஒரு கட்டு துரியான் லெம்போக் இனிப்பு அனுப்பியிருக்கிறேன். அலுவலகத்தில் எல்லோருக்கும் கொடுத்துத் தீர்த்துவிடாதே.

வந்துவிட்டன! கேசட் போட்ட பன்னிரண்டாம் நாள். நான் சமையலறையில் இருந்தேன். கெமலா வாசலில் ரெக்கார்டரை வைத்துக்கொண்டு உனக்காக ஏதோ பதிந்துகொண்டிருந்தாள். திடீரென்று ஒரு கத்தல்: "பெரியம்மா, இங்க வாயேன்! பெரியம்மா, இங்க வாயேன்!" ஓடிப்போய்ப் பார்த்தால் ஒன்று, அப்புறம் இரண்டு, துவாரத்தில் நுழைந்து வெளியே வந்து, மறுபடி நுழைந்தன. உன் அத்தான் அழுதார். இதை எழுதினேன் என்று அவரிடம் சொல்லாதே. அந்தக் கத்தல் இந்தக் கேசட்டில் அப்படியே இருக்கிறது. இப்போது முப்பது கூடுகள்.

விடிந்ததிலிருந்து இருட்டும்வரை உன் சத்தத்திலேயே இருக்கிறோம். முதல் வாரம் தலை வெடித்தது. இப்போது எனக்குக் கேட்பதேயில்லை. "எப்படித்தான் இருக்கீங்களோ இந்த இரைச்சல்ல" என்று யாராவது கேட்டால், "எந்த இரைச்சல்?" என்கிறேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, சத்தியமாகக் கேட்பதில்லை.

தொட்டி கட்டியதிலிருந்து கொசு அதிகம். கெமலாவின் கால் முழுக்கத் தடிப்பு. ஏதாவது வழி இருந்தால் எழுது.

முப்பது கூடு போதாது. ஆலியோங் மாடியில் ஆயிரம். இன்னும் வலுவான சத்தமாக ஒன்று செய்.

ரொஹாயா


ஜகார்த்தா
13 ஜனவரி 2002

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு வேலையே ஓடவில்லை. முப்பது கூடுகள்! இத்தனை வருடமாக யாரோ செய்த படத்துக்கு யாரோ எழுதிய வசனத்தை ஒட்டிக்கொண்டிருந்தேன். முதல்முறையாக நான் செய்த ஒன்றுக்கு உயிருள்ளவை எழுந்து வந்திருக்கின்றன.

வலு என்றால் சத்தம் கூட்டுவது இல்லை, அக்கா. யோசித்தேன். ஜோடி தேடும் குரலுக்கு ஜோடி இல்லாத குருவிதான் வரும். எல்லாக் குருவியையும் வரவைக்கும் குரல் எது? பசித்த குஞ்சின் குரல். உன் மாடியில் குஞ்சு பொரித்திருக்குமே. தாய் இரைக்குப் போயிருக்கும்போது ரெக்கார்டரைக் கூட்டருகே பிடி. தாய் திரும்பி வந்தால் விரட்டிவிடு. குஞ்சு கத்திக் கத்தித் தொண்டை மாறும் வரைக்கும் பதிய வேண்டும். அந்தக் கடைசிக் கால்மணி நேரம்தான் எனக்கு வேண்டும். பதிந்து உடனே அனுப்பு, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

கொசுவுக்குச் சுருள் கொளுத்து. பதியும்போது மின்விசிறியை நிறுத்த மறந்துவிடாதே, போன முறை அடியில் ஓர் இரைச்சல் இருந்தது.

மஸ்துரா


குவாலா தெங்கார்
3 மார்ச் 2002

என் தங்கமே,

உன் கைக்கு முத்தம். இரண்டாவது கேசட்டைப் போட்ட அன்றே சாயங்காலம் ஆலியோங் மாடிக்குப் போக இறங்கிய கூட்டம் நடுவானில் நின்று, திரும்பி, எங்கள் துவாரத்துக்குள் கொட்டியது. தெருவே வேடிக்கை பார்த்தது. எட்டு நாளில் எண்ண முடியாமல் போய்விட்டது.

ஒன்பதாம் நாள் ஆலியோங் ஒரு வாளியைக் கொண்டுவந்து வாசற்படியில் வைத்தார். நிறைய செத்த குஞ்சுகள். எறும்பு மொய்த்துக் கிடந்தன.

"பாத்துக்க ரொஹாயா. பெத்ததெல்லாம் உன் கூரையில உக்காந்திருக்கு. உன் கேசட்டு அழுவுது, அதுங்க சொந்தப் புள்ளைய விட்டுட்டு ஓடியாருது. இதென்ன பொழப்பு?"

"உங்க குருவிய நான் கயிறு கட்டியா இழுத்தேன்? காத மூடிக்கச் சொல்லுங்க."

"உன் தங்கச்சி படிச்ச பொண்ணுன்னு சொன்னாங்க."

"அதான் தெரியுதே."

இப்போது அவர் மாடி வாடகைக்கு வருமா என்று உன் அத்தான் கேட்கிறார். நான் சிரித்துச் சிரித்துச் சோற்றை அடிப்பிடிக்க விட்டேன்.

கெமலாதான் கொஞ்சம் படுத்துகிறாள். அந்த வாளியைத் தோட்டத்துக்கு இழுத்துப்போய், ஒவ்வொரு குஞ்சையும் ஒரு சிரட்டையில் வைத்துப் புதைத்தாள். அறுபத்திரண்டாம். மேல் முன்பற்கள் இரண்டும் ஒரே வாரத்தில் விழுந்துவிட்டன. பேசினால் பாதி காற்று. கேசட்டில் கேட்டுச் சிரி. பழைய முதல் கேசட்டை ரெக்கார்டர் மென்று துப்பிவிட்டது. அந்த நாடாவை உருவி, பட்டத்துக்கு வால் கட்டியிருக்கிறாள். ஊரிலேயே நீளமான வால்.

ரொஹாயா


ஜகார்த்தா
24 மார்ச் 2002

அன்புள்ள அக்காவுக்கு,

வாளியைப் பற்றி நீ எழுதியதை இரண்டு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்படி ஆகும் என்று எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் செய்திருக்கமாட்டேனா என்று என்னையே கேட்டேன்.

கெமலாவின் பல் போன பேச்சு இருக்கிறதே, 'ஸலாம்' சொல்வதற்குள் ஒரு விசில் ஊதுகிறாள். கேட்டு மேசையில் தலைவைத்துச் சிரித்தேன். அறை கிடைத்துவிட்டது. சிறியது, ஆனால் ஜன்னல் உண்டு. பக்கத்திலேயே பள்ளிக்கூடம். ஜூன் கடைசியில் வருகிறேன், அக்கா. அவள் துணிகளை எடுத்துவை.

மஸ்துரா


குவாலா தெங்கார்
12 மே 2002

அன்புத் தங்கைக்கு,

நலம். நலமறிய ஆவல். கடிதம் தாமதமானதற்கு மன்னித்துக்கொள். வேலை.

உன் இரண்டாவது கேசட் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. யார் திருடினார்கள் என்று தெரியவில்லை. உன் அத்தான் முகத்தைப் பார்த்தால் எனக்குத் தெரியும்போல் இருக்கிறது. இப்போது பதினான்கு கட்டடங்கள். தொலைபேசிக் கடைக்காரன்கூட கடையை மூடி, பூத்துகளை இடித்துவிட்டு மேலே குருவி மாடி எழுப்புகிறான். இனி உனக்குப் பேச வேண்டுமானால் படகேறிப் போக வேண்டும். எல்லாக் கூரையிலும் ஒரே குஞ்சு அழுகிறது. குருவிகள் எங்கே இறங்குவதென்று தெரியாமல் ஊரைச் சுற்றுகின்றன. மூன்றாவது ஒன்று செய்தால் பிழைப்போம்.

ஜூனில் வராதே. கடல் சரியில்லை. கெமலா இங்கேயே முதல் வகுப்பில் சேரட்டும், பழகிய இடம். அவள் நன்றாக இருக்கிறாள். கேசட்டில் பேசியிருக்கிறாள்.

அக்கா


ஜகார்த்தா
1 ஜூன் 2002

அன்புள்ள அக்காவுக்கு,

கெமலா பேசியதைக் கேட்டேன். "அம்மா, நான் நல்லா இருக்கேன். நீ வேலையப் பாரு." ஆறு வயதில் இதைச் சொல்ல யார் கற்றுக்கொடுத்தது?

ஒன்று கேட்க வேண்டும். அவள் குரலுக்குப் பின்னால் குருவிச் சத்தம் கேட்கிறது. அதில் அந்த உயர்ந்துபோய்ப் பாதியில் நிற்கும் கீச்சு இருக்கிறது. அத்தான் இருமியதால் நான் வெட்டிய இடம். அது முதல் கேசட், அக்கா. அது பட்டத்துக்கு வாலாகிவிட்டது என்று நீதானே எழுதினாய்?

பிரதி ஏதாவது எடுத்து வைத்திருந்திருப்பாய். அப்படித்தான் இருக்க வேண்டும்.

கெமலாவுக்கு ஒரு துணிப் பூனை அனுப்பியிருக்கிறேன். இனிமேல் அவள் சொல்லும் பொய்க்குச் சாட்சி இருக்கட்டும். அதற்கு அவள் ஒரு பெயர் வைத்து, அந்தப் பெயரைச் சொல்லிப் பதிந்து அனுப்பு. அது வந்ததும் மூன்றாவது கேசட்டைத் தொடங்குகிறேன்.

மஸ்துரா


குவாலா தெங்கார்
16 ஜூன் 2002

மஸ்துரா,

பூனை வந்தது. கெமலாவுக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. பூனை என்றுதான் கூப்பிடுகிறாள், வேறு பெயர் வேண்டாமாம். பதிந்திருக்கிறேன், கேள்.

ஆமாம், பிரதி இருந்தது. சமையலறைப் பக்கம் அதுதான் ஓடுகிறது. இதையெல்லாம் விசாரிக்கிறாயே, பிள்ளை சாப்பிட்டாளா தூங்கினாளா என்று ஒரு வரி கேட்டாயா? அடுத்த வீட்டுக்காரி கேட்கிறாள்: "அவ அம்மா பொண்ண மறந்துட்டாளா?" "வேலை அதிகம்" என்று நான்தான் உனக்குப் பரிந்து பேசுகிறேன்.

மூன்றாவது கேசட்டை அனுப்பு. கூடுகள் பாதி காலி.

ரொஹாயா


ஜகார்த்தா
26 ஜூன் 2002

அக்கா,

கேட்டேன். "பூனை. அம்மா. நல்லா இருக்கு."

'பூனை', நீ அக்டோபரில் அனுப்பிய கேசட்டில் மீன் தின்றுவிட்டுச் சொன்னாளே, "பூனை தின்னுருச்சு," அதில் பாதி. 'அம்மா', பெருநாள் கேசட். அதன் பின்னாலும் அந்தப் பாதிக் கீச்சு இருக்கிறது. மூச்சு விடும் இடம் பார்த்து ஒட்டியிருக்கிறாய். நன்றாகவே ஒட்டியிருக்கிறாய்.

உனக்கு அந்தச் சத்தம் கேட்பதில்லை என்று டிசம்பரில் எழுதினாய். அதனால்தான் அது பின்னால் இருப்பது உனக்குத் தெரியவில்லை.

மே மாதக் கேசட்டை மறுபடி கேட்டேன். "வேலையப் பாரு" என்பதற்கு முன்னால் ஒரு 'ஸலாம்' சொல்கிறாள். சுத்தமாக, விசில் இல்லாமல். பல் விழுந்த குழந்தையின் வாயில் எப்படிப் பல் இருக்கிறது?

ஜூலை 18, வியாழக்கிழமைக் கப்பலுக்குச் சீட்டு எடுத்துவிட்டேன். அதற்குமுன் எழுது. என் மகள் எங்கே?

மஸ்துரா


குவாலா தெங்கார்
5 ஜூலை 2002

மஸ்துரா,

கெமலா இல்லை. ஏப்ரல் ஒன்பதாம் தேதி போய்விட்டாள்.

கொசுக் காய்ச்சல். சனிக்கிழமை சாயங்காலம் உடம்பு சுட்டது. மறுநாள் கூடு எடுக்கும் நாள், ஆட்களையெல்லாம் வரச் சொல்லியிருந்தோம். சாதாரணக் காய்ச்சல் என்று கஞ்சி கொடுத்துப் படுக்கவைத்தேன். திங்கட்கிழமை மூக்கில் ரத்தம் வந்தது. படகில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். "ஒரு நாள் முன்னாடி வந்திருக்கலாம்" என்றார் டாக்டர். நீ எழுதப்போவதை நானே எழுதிவிட்டேன்: நான் ஒரு நாள் கூடு எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஆனால் நீயும் கேள். ஒவ்வொரு மாடியிலும் தொட்டி கட்டச் சொன்னது நீ. கொசு என்று எழுதினேன். சுருள் கொளுத்து, மின்விசிறியை நிறுத்து என்று எழுதினாய். அவள் செத்த பிறகு வந்த சுகாதாரக்காரன் தொட்டியில் டார்ச் அடித்துவிட்டு, "இதுல நாலு மீன் விட்டிருந்தா போதுமே" என்றான். இத்தனை புத்தகம் படித்தாயே, அந்த நாலு மீன் உன் புத்தகத்தில் இல்லையா?

தொழுகைக் கூடத்துக்குப் பின்னால் அடக்கம் செய்தோம். ஊராரிடம், உனக்குச் சொல்லியாயிற்று, உன்னால் வர முடியவில்லை என்று சொன்னேன். உடனே நம்பினார்கள். யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

ஏன் மறைத்தேன் என்று கேட்பாய். சொன்னால் நீ கேசட் அனுப்பமாட்டாய். அது உண்மை, மறைக்கவில்லை. ஆனால் உனக்கு அனுப்பியவற்றில் நான் எடுத்துவைத்திருந்த பிரதிகளிலிருந்து முதல்முறை அவள் குரலை வெட்டி ஒட்டியபோது, ஒட்டி முடித்துப் போட்டுக் கேட்டேன். அவள் சொல்லாத ஒன்றைச் சொன்னாள். "அம்மா, நான் நல்லா இருக்கேன்." மஸ்துரா, நான் உடனே எழுந்து அவளுக்கும் சேர்த்து அரிசி அளந்தேன். அப்புறம் உனக்காக ஒட்டவில்லை.

நீ அவளை என்னிடம் விட்டுப்போய் இரண்டரை வருடம். வியாழன் தவறாமல் கப்பல் இருந்தது. ஒன்றில்கூட நீ ஏறவில்லை, கேசட்தான் வந்தது. படுக்கும்போது உன் கதையைப் போட்டால் ரெக்கார்டரைக் கட்டிக்கொண்டு தூங்குவாள். பெற்றவள் நீ, நான் இல்லை என்று ஒருநாளும் மறக்கமாட்டாள். ஓடியோடி வந்து பெரியம்மா பெரியம்மா என்று என்னைக் கூப்பிடுவாள், ஆனால் முகத்தை அந்தப் பெட்டிமேல்தான் வைத்துக்கொள்வாள்.

வர வேண்டுமென்றால் வா. பார்ப்பதற்கு ஒரு மண்மேடுதான் இருக்கிறது.

ரொஹாயா


ஜகார்த்தா
14 செப்டம்பர் 2002

ரொஹாயாவுக்கு,

கப்பலில் ஏறவில்லை. துறைமுகம்வரை போனேன். நீ எழுதியது சரி. இத்தனை வியாழக்கிழமை ஏறாதவள் இந்த வியாழக்கிழமை ஏறி என்ன ஆகப்போகிறது என்று திரும்பிவிட்டேன். பிறகு இரண்டு மாதம் வேலை செய்தேன்.

மூன்றாவது கேசட் முடிந்துவிட்டது. நான் செய்ததிலேயே சிறந்தது. உனக்கு அனுப்பவில்லை. பதின்மூன்று பிரதி எடுத்து ஆலியோங் பெயருக்கு அனுப்பியிருக்கிறேன். அந்த வாளிக்காக என் மன்னிப்பு என்றும், உன் வீடு தவிர ஊரில் எல்லோருக்கும் இலவசமாகக் கொடுக்கும்படியும் எழுதியிருக்கிறேன். இந்த வாரம் போட்டிருப்பார்கள். குருவிகள் வரும். வருவதால் யாரும் அதை நிறுத்தமாட்டார்கள்.

உன் பெருநாள் கேசட்டிலிருந்து ஒரே ஒரு வரி எடுத்தேன். "பெரியம்மா, இங்க வாயேன்." பின்னாலிருந்த குருவிகளையெல்லாம் கழுவி எடுத்தேன். ஒரு மாதம் ஆயிற்று. பிறகு அதைப் புதிய குஞ்சுகளின் அழுகைக்கு அடியில், அதே சுருதியில், மெல்லிசாக வைத்தேன். ஏழு நிமிடத்துக்கு ஒருமுறை. தெரியாதவர்களுக்கு அதுவும் ஒரு குஞ்சு. குருவிகளுக்கும் அப்படித்தான். குவாலா தெங்காரில் அதை அடையாளம் தெரிந்தவள் நீ ஒருத்திதான்.

விடிந்ததிலிருந்து இருட்டும்வரை, பதின்மூன்று கூரையிலிருந்து. உனக்குத்தான் எந்த இரைச்சலும் கேட்பதில்லையே. இது கேட்கிறதா என்று பார்.

அவளுடைய கேசட்டுகளையெல்லாம் அழித்துவிட்டேன், நான் வைத்திருந்த மூலத்தையும். என் கையில் இருந்தால் வெட்டுவேன், ஒட்டுவேன், சொல்லாததையெல்லாம் சொல்லவைப்பேன். எனக்கு என்னைத் தெரியும். உன்னையும் இப்போது தெரிந்துவிட்டது.

இனி எழுதாதே.

மஸ்துரா


குவாலா தெங்கார்
9 மார்ச் 2003

மஸ்துரா,

எழுதாதே என்றாய். இது நான்காவது கடிதம். முந்தின மூன்றும் கிடைத்தனவா என்று தெரியவில்லை. திட்டி எழுதியவை அவை; தொலைந்திருந்தால் நல்லது.

முதல் நாள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கேட்டது. கையிலிருந்த வாளியைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன். "என்ன ஆச்சு?" என்றார் உன் அத்தான். கூப்பிடுகிறாள் என்றேன். என்னைப் பிடித்து உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்தார். அவருக்குக் கேட்கவில்லை. காதில் பஞ்சு வைத்தேன், துணி கட்டினேன், பத்து நாள் மாமியார் வீட்டில் போய் இருந்தேன். உன்னைச் சபித்தேன்.

பதினோராம் நாள் நானே திரும்பி வந்தேன். அங்கே கேட்கவில்லை.

பிறகு பழகிவிட்டது. பழகியது என்றால் கேட்காமல் போவது இல்லை, அது வேறு. விடிந்ததும் ஆலியோங் சுவரோரம் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வேன். காய் நறுக்குவதும் அங்கேதான். ஏழு நிமிடம் எவ்வளவு நேரம் என்று எனக்குக் கடிகாரம் இல்லாமல் தெரியும். ஆலியோங் ஒருநாள் கேட்டார்: "என்ன ரொஹாயா, இப்ப நீயே நம்ம பக்கம் கூடு கட்ட வந்துட்டியா?" நான் காயை நறுக்கிக்கொண்டிருந்தேன். மறுநாள் எனக்கும் ஒரு கோப்பை டீ வைத்திருந்தார்.

அவள் பேசிய என் பிரதிகளெல்லாம் போட்டுப் போட்டு முன்பே தேய்ந்துபோயின. மழைக்காலத்தில் ஊரின் கேசட்டுகளும் ஒவ்வொன்றாகப் பூசணம் பிடித்துப் போயின. எல்லோரும் ஸிடிக்கு மாறிவிட்டார்கள், வேறு எவனோ செய்த சத்தம். ஆலியோங்கினுடையது ஜனவரியில் அறுந்தது. படகுத்துறைப் பக்கம் ஒன்று மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நாள்தோறும் அங்கே நடந்துபோனேன். போன செவ்வாய்க்கிழமை அதுவும் நின்றுவிட்டது. அறுந்த நாடாவையெல்லாம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். ஒட்டிப் பார்த்தேன். உள்ளேயிருந்து பூசணம்தான் உதிர்கிறது.

மூலத்தை அழித்துவிட்டேன் என்று எழுதினாய். பெற்றவள் அப்படிச் செய்யமாட்டாள், எனக்குத் தெரியும். ஒன்றாவது வைத்திருப்பாய். அனுப்பு. குருவி வேண்டாம், மாடியைப் பூட்டித் தொட்டிகளை உடைத்தாயிற்று. குருவிச் சத்தம் இல்லாமல் அதை மட்டும் அனுப்பு. உனக்கு எப்படி வேண்டுமோ அப்படி மன்னிப்புக் கேட்டு எழுதித் தருகிறேன், நான்தான் கொன்றேன் என்று எழுத வேண்டுமா, எழுதுகிறேன்.

பதில் எழுத வேண்டாம். கேசட்டை மட்டும் போடு.

உன் அக்கா,
ரொஹாயா

பி.கு.: ரெக்கார்டரைத் துடைத்து, புது பேட்டரி போட்டு வாசலில் வைத்திருக்கிறேன்.